எல்லாம் ஆட்டோமேட்டிக்தான், வழுக்குவது எங்கே?

சேலத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஏற்காட்டுக்கு மாற்றல் வந்தது. வங்கி வேலை. காலையில் கோரிமேட்டிலிருந்து கிளம்பி அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாலையில் அதே வளைவுகளில் இறக்கம். இடது முழங்காலில் தேய்மானம் இருப்பதால் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆட்டோமேட்டிக் வாங்கலாம் என்று ஷோரூமுக்குப் போனபோது, விற்பனையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டாராம்: "எல்லாம் ஆட்டோமேட்டிக்தான் மேடம். கியர் போட வேண்டாம், அவ்வளவுதான்."

அதே மாதத்தில் சென்னையிலிருந்து மாமா மகனும் இதே கேள்வியோடு தொலைபேசியில் வந்தான். மேடவாக்கத்தில் வீடு, சிறுசேரியில் வேலை. மெட்ரோ வேலைகளால் குறுகிப்போன பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் நத்தை வேகம். இருவருக்கும் பட்ஜெட் ஏறத்தாழ ஒன்று. இருந்தும் நான் சொன்ன பதில்கள் வேறு வேறு. ஏன் என்று விளக்கப்போய்த்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீண்டது.

நம் கடைகளில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நான்கு வகை இயந்திரங்கள் விற்கின்றன: ஏஎம்டி, டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டிசிடி. நான்கிலும் கியரைத் தீர்மானிப்பது ஒரு சிறிய கணினி. அந்தக் கணினிகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் கிடையாது. அது ஏவும் வேலையை எந்தப் பொருள் செய்து முடிக்கிறது, அந்தப் பொருள் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் அந்தக் கணினி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மின்னணு வருவதற்கு முன்பும் ஆட்டோமேட்டிக் கார்கள் ஓடின. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் 1939-இல் அறிமுகமாகி, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. அந்தக் காலப் பெட்டிகளில் ஆயில் அழுத்தமே மூளை. வண்டியின் வேகத்துக்கு ஏற்ப ஓர் அழுத்தம், ஆக்ஸிலேட்டரின் அளவுக்கு ஏற்ப இன்னோர் அழுத்தம். இரண்டும் ஒரு வால்வின் இரு முனைகளில் நின்று தள்ளும். எது வெல்கிறதோ அதற்கேற்ப கியர் மாறும். கணக்குப் போடத் தெரியாத, ஆனால் தராசு பிடிக்கத் தெரிந்த மூளை என்று சொல்லலாம். அறுபதுகளின் இறுதியில் ரெனோ 16 காரின் ஆட்டோமேட்டிக் வடிவத்தில் மின்னணுக் கட்டுப்பாடு தலைகாட்டியது. எண்பதுகளில் டொயோட்டா போன்றவர்கள் அதைப் பரவலாக்கினார்கள். 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் என்ற தகவல் இணைப்பு வந்தபின் இன்ஜின் கணினியும் கியர் கணினியும் ஒரே ஜோடிக் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளத் தொடங்கின.

அந்தப் பேச்சு எப்படிப்பட்டது என்பதற்கு, டார்க் கன்வெர்ட்டர் பெட்டியில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும் அரை வினாடியை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, பெட்டிக்குள் நுழையும் அச்சு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, வெளியேறும் அச்சு எவ்வளவு வேகம், ஆயிலின் வெப்பம் என்ன, பிரேக்கில் கால் இருக்கிறதா, லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று கணினி விடாமல் படித்துக்கொண்டே இருக்கிறது. அதன் நினைவில் ஒரு வரைபடம் உண்டு. மிதியும் வேகமும் சந்திக்கும் புள்ளி அதிலுள்ள கோட்டைத் தாண்டியதும் மூன்றாம் கியர் என்று முடிவாகிறது. மேலே போவதற்கு ஒரு கோடு, கீழே வருவதற்கு அதைவிடக் குறைந்த வேகத்தில் வேறொரு கோடு. இரண்டும் ஒன்றாக இருந்தால் வண்டி இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

முடிவெடுப்பது எளிது, நடத்திக்காட்டுவதுதான் கடினம். மூன்றாம் கியருக்குரிய கிளட்சின் பிஸ்டனை ஆயிலால் நிரப்பி, தட்டுகள் தொடும் தொடாத இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் கியரின் கிளட்சில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சோலனாய்டு எனும் மின்காந்த வால்வுகளுக்குப் போகும் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கித்தான் இந்த அழுத்தங்களைக் கணினி ஆள்கிறது. புதிய கிளட்ச் முந்திக்கொண்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து வண்டி குலுங்கும். பிந்தினால் எதுவும் பிடிக்காத ஒரு கணத்தில் இன்ஜின் வெறுமனே சீறும். ஒரு கிளட்சிலிருந்து மற்றதற்குக் கை மாறும் நேரத்தில் கியர் கணினி, இன்ஜின் கணினியிடம் "கொஞ்சம் அடங்கு" என்று கேட்டுக்கொள்கிறது. அது தீப்பொறியைச் சற்றுத் தாமதித்து இழுவையைக் குறைத்துத் தருகிறது. எல்லாம் முடிந்தபின், கை மாற எவ்வளவு நேரம் ஆனது என்று கியர் கணினி அளந்து, அடுத்த முறை நிரப்பும் நேரத்தைச் சில மில்லி வினாடிகள் திருத்திக்கொள்கிறது. புதிய வண்டி முதல் சில நூறு கிலோமீட்டருக்குச் சற்று முரட்டுத்தனமாக இருந்து பிறகு சாதுவாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வழுக்கல். இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க நிமிடத்துக்கு 700, 800 சுற்றாவது சுற்ற வேண்டும். சக்கரமோ சிக்னலில் அசையாமல் நிற்கிறது. சுற்றுவதற்கும் நிற்பதற்கும் நடுவே ஏதோ ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். நகரத் தொடங்கிய பிறகும் அது தீர்வதில்லை. சிறிய கார்களில் முதல் கியரில் ஆயிரம் சுற்றுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகம் வரும். அப்படியானால் மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே ஊரும் எல்லா நேரமும் வழுக்கல் நேரம்தான். சோழிங்கநல்லூர் சிக்னலை நான்கு பச்சைகளில் கடப்பவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வழுக்கினால் வெப்பம். 1200 கிலோ எடையுள்ள ஒரு காரை, பத்துக்கு ஒன்று என்ற சரிவில், பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தே நிறுத்திவைக்கிறீர்கள் என்று வையுங்கள். இன்ஜின் ஆயிரம் சுற்றில் ஓடினால் கிளட்சில் ஏறத்தாழ இரண்டரை கிலோவாட் வெப்பம் பிறக்கும் என்று என் கணக்கு சொல்கிறது. இரண்டு மூன்று இஸ்திரிப் பெட்டிகளைக் கிளட்ச் தட்டின் மேல் வைத்த கதை. அந்த வெப்பத்தைச் சுமந்துபோக ஆயில் இருக்கிறதா, அல்லது காய்ந்த தட்டே தாங்க வேண்டுமா? நான்கு வகைகளையும் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் நான் பிரித்துப் பார்க்கிறேன்.

ஏஎம்டி: கூலிக்கு ஒரு கைகால்

ஏஎம்டி என்பது வேறொன்றுமில்லை, நம் பழைய மேனுவல் கியர் பெட்டியேதான். அதே காய்ந்த ஒற்றைக் கிளட்ச், அதே பல்சக்கரங்கள். உங்கள் இடது காலும் இடது கையும் செய்த வேலையை மோட்டாரோ ஆயில் அழுத்தமோ செய்கிறது. இதன் பூர்வீகம் பந்தயக் களம். 1989-இல் ஃபெராரி 640 என்ற பந்தயக் கார், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த துடுப்புகளால் கியர் மாற்றிக்கொண்டு பிரேசில் கிராண்ட் பிரீயை வென்றது. ஓட்டியவர் நைஜல் மான்செல். அந்த யோசனையின் ஏழைச் சொந்தம் 2014-இல் மாருதி செலெரியோவில் இந்தியாவுக்கு வந்து, ஆட்டோமேட்டிக் என்பது பணக்காரர் சமாச்சாரம் என்ற எண்ணத்தை உடைத்தது. மேனுவலைவிட அரை லட்சம் ரூபாய் அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் போதும் என்பது சாதாரண மாற்றமல்ல.

ஆயில் அழுத்த வகையில் ஒரு சிறிய மின்பம்பு, அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் குடுவை, சில சோலனாய்டு வால்வுகள் இருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பல வண்டிகளில் 'ஊய்ங்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது அந்தப் பம்பு கண்விழிக்கும் சத்தம். வேறு சில நிறுவனங்கள் ஆயிலை விட்டுவிட்டு நேரே மின்மோட்டார்களை வைக்கின்றன. எப்படியானாலும் வரிசை ஒன்றுதான்: இன்ஜினை அடக்கு, கிளட்சை விடு, கியரை எடு, அடுத்ததைப் போடு, கிளட்சைப் பிடி, இன்ஜினை விடு. இருப்பது ஒரே கிளட்ச் என்பதால், அது திறந்திருக்கும் நேரம் முழுக்க சக்கரத்துக்கு இழுவை இல்லை. அந்த இடைவெளியில்தான் நம் தலை முன்னால் போய்ப் பின்னால் வருகிறது. கியர் மாறும் தறுவாயில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினால் குலுக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். ஏஎம்டி ஓட்டத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவே இந்த ஒரு பழக்கத்தில்தான் இருக்கிறது.

இதில் கணினியின் மிகப் பெரிய கவலை, கிளட்ச் எந்த இடத்தில் தொட ஆரம்பிக்கிறது என்பது. தட்டு தேயத் தேய அந்த இடம் நகரும். கிளட்ச் நிலையை அளக்கும் உணரியின் உதவியோடு கணினி அதை மறுபடி மறுபடி கற்றுக்கொள்கிறது. தட்டின் வெப்பத்தை நேரடியாக அளப்பதற்குப் பொதுவாக ஏற்பாடு கிடையாது. எவ்வளவு நேரம் வழுக்கியது, எவ்வளவு இழுவை கடந்தது என்பதை வைத்துக் கணினி வெப்பத்தை ஊகிக்கிறது. எல்லை தாண்டினால் எச்சரிக்கும். மேலும் போனால் வேலையைக் குறைத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒருவர், மலைப்பாதையில் முன்னே மெல்ல ஏறிய லாரிக்குப் பின்னால், பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே ஏறினார். பாதி வழியில் கருகிய நாற்றம். வண்டியின் மேல் பழி போட்டார். மேனுவல் வண்டியில் அரை கிளட்சில் அப்படி நிற்கக் கூடாது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். கிளட்ச் கண்ணில் படாததால் அது இல்லை என்று நினைத்துவிட்டார்.

ஆக, சமவெளி ஊர், நெடுஞ்சாலை, சிக்கனம் என்றால் ஏஎம்டியைத் தயங்காமல் வாங்கலாம். மைலேஜ் மேனுவலுக்குச் சமமாகக் கிடைக்கும். கிளட்ச் மாற்றும் செலவும் கையைக் கடிக்காது. அக்காவின் சாலைக்கு இது வேண்டாம் என்றேன். வாங்கியே தீர வேண்டிய கட்டாயம் இருந்தால், சரிவில் பின்னால் உருளாமல் சில வினாடிகள் பிரேக்கைப் பிடித்துவைக்கும் வசதி அந்த விலைப் பிரிவில் இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டார்க் கன்வெர்ட்டர்: ஆயிலின் பொறுமை

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் மற்றது காற்றிலேயே சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஆயில், நடுவே ஆயிலைத் திருப்பிவிடும் மூன்றாவது சக்கரம்: இதுதான் டார்க் கன்வெர்ட்டர். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தரும். மேட்டில் கிளம்புபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இங்கேயும் வழுக்கல் உண்டு, வெப்பமும் உண்டு. ஏஎம்டியைவிடக் கூடவே உண்டு என்றாலும் தப்பில்லை. ஆனால் வழுக்குவது ஆயில். தேய்வதற்குத் தட்டு இல்லை. சூடேறிய ஆயில் குளிர்விப்பான் வழியாகப் போய்வருகிறது. வெப்பத்தை ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை, உணரி நேராகவே சொல்லிவிடும். பழைய கன்வெர்ட்டர்களின் குறை, சமவெளியில் வேகமாகப் போகும்போதும் வழுக்கிக்கொண்டே இருந்து பெட்ரோலைக் குடித்தது. அதற்காக உள்ளே ஒரு பூட்டுக் கிளட்ச் வைத்தார்கள். இன்றைய கணினி அதைக் குறைந்த வேகத்திலேயே பூட்டிவிடுகிறது. முழுக்கப் பூட்டாமல் சில பத்துச் சுற்றுகள் மட்டும் வழுக்கவிட்டு அதிர்வை விழுங்கும் நுணுக்கமும் வந்துவிட்டது. மைலேஜ் இடைவெளி பெருமளவு சுருங்கியது இதனால்தான். 'கன்வெர்ட்டர் என்றால் பெட்ரோல் குடிக்கும்' என்பது நான்கு கியர் காலத்துப் பேச்சு.

மலையில் இன்னொரு நன்மை. இவ்வளவு இழுவை கொடுத்தால் சமதளத்தில் இவ்வளவு வேகம் கூட வேண்டும் என்று கணினிக்குத் தெரியும். கூடவில்லை என்றால் வண்டி மேட்டில் ஏறுகிறது என்று பொருள். எதிர்பார்த்ததைவிடக் கூடினால் இறங்குகிறது. சரிவை இப்படிக் கண்டுபிடித்து, ஏறும்போது அவசரப்பட்டு மேல் கியருக்குப் போகாமலும், இறங்கும்போது கீழ் கியரில் தங்கி இன்ஜினால் வண்டியைப் பிடித்தும் உதவுகிறது. இது எல்லா வகைகளிலும் இருக்கக்கூடிய நிரல்தான். ஆனால் கியர் மாறும்போது இழுவை அறுந்துபோகாத பெட்டியில்தான் இதன் பலன் முழுதாகத் தெரிகிறது.

மின்சாரம் போனாலும் இந்தப் பெட்டி கைவிடாது. பெரும்பாலான வடிவமைப்புகளில் சோலனாய்டுகளுக்கு மின்னோட்டம் நின்றதும் வால்வுகள் ஸ்பிரிங்கின் பிடியில் ஒரு நடு கியருக்குப் போய் நிற்கும். மெதுவாகவாவது வீடு சேரலாம். கிளட்சைத் திறக்கவே பம்பு தேவைப்படும் ஏஎம்டியில் அந்த உத்தரவாதம் குறைவு.

விலைதான் இதன் பிரச்சினை. மேனுவலைவிட லட்சத்துக்கு மேல் கூடும். எடையும் கூடுதல். சிறிய கார்களில் இது கிடைப்பதே அரிதாகிவிட்டது.

சிவிடி: கியரே இல்லாத கியர் பெட்டி

நெதர்லாந்தின் ஹப் வான் டோர்ன் 1958-இல் டாஃப் 600 காரில் ரப்பர் பெல்ட்டும் விரிந்து சுருங்கும் கப்பிகளும் வைத்து இதை ஓடவைத்தார். அந்தக் கார் முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகும். அதைக் கொண்டு டச்சுக்காரர்கள் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தியிருக்கிறார்கள்! ரப்பருக்குப் பதில் சுமார் 400 எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட் 1987-இல் சுபாரு ஜஸ்டியில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு வந்தது. இன்று ஹோண்டா, நிஸான், ஹூண்டாய் கார்களில் ஓடுவது இதன் வாரிசு.

இங்கே கணினிக்குக் கியர் என்ற கணக்கே கிடையாது. 'இந்த மிதிக்கு இன்ஜின் இத்தனை சுற்றில் இருக்கட்டும்' என்று இலக்கு வைத்து, இரண்டு கப்பிகளின் ஆயில் அழுத்தத்தை ஏற்றி இறக்கி விகிதத்தை நழுவவிட்டுக்கொண்டே போகிறது. குலுக்கல் என்பதற்கு இடமே இல்லை. ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. மற்ற பெட்டிகள் வழுக்கலை நிர்வகிக்கின்றன. சிவிடி அதை அனுமதிக்கவே கூடாது. பெல்ட் ஒருமுறை வழுக்கினாலும் கப்பியின் முகம் கீறிப்போகும். எனவே தேவைக்கு மேல் சற்றுக் கூடுதலாகவே நெருக்கிப் பிடிக்க வேண்டும், அதற்குப் பம்பு உழைக்க வேண்டும். இந்தப் பிடி ஆயிலின் குணத்தைப் பொறுத்தது என்பதால், சிவிடியில் 'ஏதோ ஒரு ஆட்டோமேட்டிக் ஆயில்' ஊற்றும் மெக்கானிக்கிடமிருந்து வண்டியைக் காப்பாற்றுவது உரிமையாளரின் முதல் கடமை.

அப்படியானால் சிக்னலில் நிற்கும்போது எது வழுக்குகிறது? இன்றைய பெரும்பாலான சிவிடிகளின் முகப்பில் ஒரு டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. வழுக்கல் அந்த ஆயிலில் முடிந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சென்னைக்காரனுக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நத்தை வேகத்துக்கு இதைவிடச் சாந்தமான பெட்டி கிடையாது.

வேகமாக முந்தப்போகிறவர்களுக்கு இது எரிச்சலூட்டும். மிதித்ததும் இன்ஜின் ஓலமிடும், வண்டி பின்தங்கி வரும். சில நிறுவனங்கள் பொய்யான படிகளை நிரலில் எழுதி, கியர் மாறுவது போல் நடிக்கவைத்திருக்கின்றன. இல்லாத கியரை மாற்றிக்காட்டும் இந்தக் கூத்து எனக்கு ரசிக்கவில்லை. நீண்ட மலையேற்றத்தில் அந்த ஓலம் தொடர்ந்து கேட்கும். அது பழுதல்ல, ஆனால் தினமும் காதில் விழும்.

டிசிடி: இரண்டு கிளட்சும் ஓர் ஊகமும்

ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்கை மாட்டிவைத்துக் காத்திருக்கும். கிளட்ச் கை மாறினால் முடிந்தது வேலை. இழுவை அறுவதில்லை, நேரமும் கண்ணிமைப்புக்குள். 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் இது சந்தைக்கு வந்தபோது கார் விரும்பிகள் கொண்டாடியது நியாயமே. கணினி இங்கே ஊகிக்க வேண்டும்: அடுத்து நான்கா, இரண்டா? வேகம் கூடிக்கொண்டிருந்தால் நான்கு என்று மாட்டிவைத்திருக்கும். நீங்கள் திடீரென்று பிரேக் அடித்து மறுபடி மிதித்தால் ஊகம் தவறி ஒரு கணம் திகைக்கும்.

வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கிளட்ச் ஆயிலில் மூழ்கியதா, காய்ந்ததா? 2003-இல் வந்தது ஆயிலில் மூழ்கியது. 2008-இல் சிறிய இன்ஜின்களுக்காக ஏழு கியரோடு காய்ந்த கிளட்ச் வகையை அதே நிறுவனம் கொண்டுவந்தது. ஆயிலைச் சுற்றவிடும் செலவு மிச்சம், மைலேஜ் கூடும். ஆனால் மெல்ல ஊரும் சாலையில் வழுக்கலின் வெப்பம் மீண்டும் காய்ந்த தட்டின் தலையில். 2013-இல் சீனாவில் அந்த நிறுவனத்தின் டிசிடி பெட்டிகளில் எழுந்த கோளாறுகளுக்காக 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதன் பிறகு பொருளும் நிரலும் எவ்வளவோ திருந்திவிட்டன என்பது உண்மை. ஆனாலும் 2022-இல் டாடா தன் ஆல்ட்ராஸ் காருக்கு டிசிடி வைத்தபோது ஆயிலில் மூழ்கிய கிளட்சையே தேர்ந்தெடுத்தது. நம் வெயிலையும் நம் நெரிசலையும் பார்த்தவர்கள் எடுத்த முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

வால்வுகள், உணரிகள், கணினி மூன்றையும் ஒரே தொகுதியாகப் பெட்டிக்குள் அடைத்துவைப்பதும் டிசிடிகளில் பரவலான வழக்கம். ஒன்று கெட்டால் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள். உத்தரவாதக் காலம் முடிந்த பழைய டிசிடியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க நினைப்பவர்கள், அந்தத் தொகுதியின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

இறக்கத்தில் ஒரு திருத்தம்

ஏறுவதையே பேசிக்கொண்டிருந்தால் ஏஎம்டிக்கு அநியாயம் செய்தவனாவேன். இறங்கும்போது அதன் காய்ந்த கிளட்ச் முழுக்கப் பிடித்திருக்கிறது. லீவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாம் கியரில் வைத்தால் இன்ஜின் வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்த விஷயத்தில் பழைய மேனுவலுக்கு இணை. டார்க் கன்வெர்ட்டரிலும் டிசிடியிலும் இதே வசதி உண்டு. சிவிடியில் 'எஸ்' அல்லது 'எல்' என்ற இடத்தைப் பயன்படுத்த வேண்டும். எந்த வகையானாலும் 'டி'யில் போட்டுவிட்டு ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது தவறு. கணினி சரிவைக் கண்டுபிடிக்கும், ஆனால் அடுத்த வளைவை அது பார்ப்பதில்லை.

வெறும் முழங்கால்தான் பிரச்சினை என்றால் ஐஎம்டி என்ற ஒன்றும் உண்டு. கியரை நீங்கள் மாற்றலாம், கிளட்சைக் கணினி மிதிக்கும். 2020-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்தது. அக்கா அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாதி வேலையை நான் செய்வதானால் இவ்வளவு பணம் எதற்கு?" என்று கேட்டாள். மின்சாரக் கார் இந்த வழுக்கல் தொல்லையிலிருந்தே தப்பியது: மோட்டார் பூஜ்யம் சுற்றிலிருந்தே இழுக்கும், எனவே கிளட்சும் வேண்டாம், கியர் மாற்றமும் வேண்டாம். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் 'இ-சிவிடி' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பெல்ட்டை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். அதில் பெல்ட்டே கிடையாது. ஒரு கோள்வகைப் பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும்தான். இருவரின் பட்ஜெட்டிலும் இவை அடங்கவில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூம்காரர் காட்டும் காலிச் சாலையில் சுற்றிவிட்டு வராதீர்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு ஒரு மேம்பாலச் சரிவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள்: நிற்கிறதா, பின்னால் உருளுகிறதா? நெரிசலில் பத்து நிமிடம் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஊரவிடுங்கள். பழைய வண்டி என்றால் ஸ்கேனர் மாட்டி, கியர் கணினியின் நினைவில் பிழைக் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதோடு திருப்தியடையாதீர்கள். குறியீட்டை முந்தின நாள் அழித்துவிட்டு விற்க வருபவர்களும் உண்டு. இன்னொன்று, பலரும் மறப்பது: பேட்டரி. வலுவிழந்த பேட்டரியில் மின்னழுத்தம் சரிந்தால் கியர் கணினி முதலில் குழம்பும். கியர் பெட்டியே போய்விட்டது என்று பயந்து ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துவரப்பட்ட வண்டி, புதிய பேட்டரியோடு ஓட்டிச் செல்லப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மாமா மகனுக்கு நான் சிவிடி என்றேன். அவன் ஓட்டிப் பார்த்தான், தலையாட்டினான், பிறகு டர்போ இன்ஜினோடு வந்த காய்ந்த கிளட்ச் டிசிடியை வாங்கினான். வார இறுதியில் திண்டிவனம் தாண்டி அது பறக்கும் சுகத்துக்கு முன்னால் என் வாதம் எடுபடவில்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்று அவன் அலுவலகம் அறிவித்ததால் இதுவரை பிழைத்திருக்கிறான். முன்வண்டியோடு ஒட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஊராதே, இடைவெளி விட்டு மொத்தமாக நகர்ந்து நில் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்கா ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் வாங்கினாள். அதற்காக மேற்கூரைக் கண்ணாடி வைத்த விலைப் பிரிவை விட்டுக்கொடுத்து, ஒரு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. வண்டியை எடுக்கும் நாளில் சர்வீஸ் பிரிவில் இருந்தவர், கியர் ஆயில் வாழ்நாள் முழுக்கப் போதும், மாற்றவே வேண்டாம் என்றாராம். தினமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏறி இறங்கும் வண்டிக்கு, அதே ஆயில்தான் வழுக்குகிறது, அதே ஆயில்தான் சூட்டைச் சுமக்கிறது, அதே ஆயில்தான் கிளட்சுகளை அமுக்குகிறது. கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்ற தலைப்பில் ஒரு அட்டவணை இருக்கும், அதைத் தேடிப் படி என்றேன். படித்துவிட்டு, வீட்டு நாட்காட்டியில் அல்ல, வங்கி மேசையில் இருக்கும் நாட்குறிப்பில் கிலோமீட்டரைக் குறித்துவைத்திருக்கிறாள். கடன் தவணைத் தேதிகளுக்குப் பக்கத்தில்.